ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

உலகத்தில் எத்தனையோ தையல்காரர்கள் இருக்கிறார்கள். மனிதனுக்குக் கோட்டு தைத்தவர்கள், சோபாவுக்கு உறை தைத்தவர்கள், சர்க்கஸ் யானைக்குப் போர்வை தைத்தவர்கள்கூட எங்கேயாவது இருக்கலாம். ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு அளவெடுத்து, நடுவில் வெட்டி இரண்டாக்கி, பிறகு அதற்கு இடுப்பு இறுகிப்போனபோது பிரித்துத் தளர்த்திவிட்டு, அது 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டதைக் காதால் கேட்ட தையல்காரர் ஒரே ஒருத்தர்தான். அவர் நம்ம மாஸ்டர்.

இதைச் சொன்னபோது தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் மரியாதைக்காக நம்பினார்கள். நம்பவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் மாஸ்டரின் மச்சான் மட்டும்தான்.

மச்சான் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கி, எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்து, வியாபாரிகளுக்கு வியர்க்க வைத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே தராசு. காலையில் சூரியன் வந்தால்கூட, தராசு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து 'ம், சரி' என்று தலையாட்டினால்தான் அது மேலே ஏறும் என்பார் மாஸ்டர்.

மாஸ்டரும் ஓய்வு பெற்றவர்தான். கோட்டு சூட்டு தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். கடையை விட்டு வந்தாலும் அளவு டேப் கழுத்தை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போகும்போது கழற்றுவார், துவட்டியதும் மாட்டுவார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். வீட்டிலும் அவர் டீச்சர்தான். டீச்சர் புருஷனை 'என்னங்க' என்று கூப்பிட்டால் வீட்டில் தென்றல். 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால் ஜன்னலை எல்லாம் சாத்திவிட வேண்டியதுதான்.

இந்த வீட்டின் கூடத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒரு பக்கம் தையல் மெஷின், மறு பக்கம் டீச்சரின் கீபோர்டு, நடுவில் அது. இரண்டு மாமியார்களுக்கு நடுவில் மாட்டிய மருமகன் மாதிரி ஒடுங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கீபோர்டு தானாக ஒரு சத்தமும் போடாது. கட்டையை அழுத்தினால் கம்ப்யூட்டர்தான் அதற்காகக் குரல் கொடுக்கும். அதற்கென்று ஒரு பாட்டு எழுதும் புரோகிராம் இருந்தது. வாசிப்பதை அது சுரமாக எழுதிக்கொள்ளும், எழுதியதைப் பியானோவாக, குழலாக, மேளமாகத் திருப்பி வாசித்தும் காட்டும். ஓய்வு பெற்ற பிறகு டீச்சர் அதில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் பாட்டையே சொல்லிக்கொடுத்தவருக்கு, சொந்தமாக இதுதான் முதல் பாட்டு.

அது பக்கத்து நூலகத்தில் சிறுவர் பகுதி திறக்கும் விழாவுக்கான பாட்டு. குடியிருப்பில் உள்ள ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் சேர்ந்த பாட்டுக்குழு பாடப்போகிறது. அடிக்குரல் தராசு. மேல்குரல், முன்னணிக் குரல், எல்லாமே மருந்துக்கடைக்காரம்மா. அவர் மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போயிருந்தார். விழா அன்றைக்குத்தான் திரும்புவார். அதுவரை ஒத்திகை எல்லாம் வீடியோ அழைப்பில்தான்.

ஒரு நாள் டீச்சர் அழைப்பைப் போட்டால், திரையில் இரண்டு வரி வந்தது. உங்கள் சிஸ்டம் மிகவும் பழையது, இனி இங்கே நுழைய முடியாது என்று.

"என்னங்க, நம்மளை வாசல்லயே நிறுத்திட்டாங்க," என்றார் டீச்சர்.

"போன்ல கூப்பிடேன்."

"போன்லயா? அத்தனை பேரும் அந்தக் கையளவு போன் முன்னாடி நின்னா, அந்தம்மாவுக்கு ஆளுக்கொரு காதுதான் தெரியும். யார் வாயைத் திறக்கறாங்க, யார் ஏமாத்தறாங்கன்னு எப்படிப் பார்க்கிறது?"

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடையை நடத்துபவர் மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கும் ஒரு அம்மா. ஒரு பிரிண்டரைக் குடல் குடலாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே கதையைக் கேட்டார்.

"பழசை அழிச்சிட்டுப் புதுசு போட்டுத் தர்றேன் மாஸ்டர். லினக்ஸ்னு ஒரு சிஸ்டம். உங்க பழைய மெஷினுக்கு இதமா இருக்கும்."

"அழிக்கக் கூடாதும்மா. டீச்சரோட பாட்டு அதுலதான் இருக்கு. அந்தப் புரோகிராம் புதுசுல ஓடாது. அதைச் செஞ்சவங்களும் கடையை மூடிட்டு எங்கேயோ போயாச்சு."

"அப்போ இன்னொரு கம்ப்யூட்டர் வைங்க."

"எங்க வைக்கிறது? கூடத்துல இன்னொரு மேஜை போட்டா நான் மாடிப்படியிலதான் படுக்கணும். ரெண்டாம் படி எனக்கு, மூணாம் படி தலையணைக்கு."

கடைக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒரே பெட்டியில ரெண்டு சிஸ்டமும் வைக்கலாம். ஸ்டார்ட் பண்ணும்போது எது வேணும்னு கேட்கும், சொன்னது திறக்கும். ஆனா டிஸ்கை ரெண்டா வெட்டணும். தப்பா வெட்டினா பழசு மொத்தமும் போயிடும். அதான் நான் யாருக்கும் சொல்றதில்ல."

வெட்டணும் என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், மாஸ்டரின் விரல்கள் தானாகக் கத்தரி பிடிக்கும் வாகில் மடங்கின.

"வெட்டுறதா? அம்மா, நான் வெட்டின துணியை முடிச்சுப் போட்டு நீட்டினா பூமியை ஒரு சுத்து சுத்திட்டு, மிச்சத்துல நிலாவுக்கு ஒரு கைக்குட்டை தைக்கலாம்."

"சரிதான்," என்று சிரித்தார் கடைக்காரம்மா. புதிய சிஸ்டத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொடுத்து, எதை அழுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். "இன்னொண்ணு. வெட்டி எடுத்த இடம் முழுசையும் புதுசுக்கே குடுத்துடுங்க. மிச்சம் வச்சா அது யாருக்கும் இல்லாம சும்மா கிடக்கும்."

மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிச் சொல்லுக்கு மட்டும் தலை பாதியில் நின்றது.

வீட்டில் டீச்சர் பாட்டைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டார். ஆனால் அதைத் திறக்க அந்தப் பழைய புரோகிராம் வேண்டும். அது பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பூட்டைக் காப்பாற்றிச் சாவியைக் கிணற்றில் போட்டால் என்ன லாபம்?

"என் பாட்டுக்கு ஏதாவது ஆச்சு..." என்று தொடங்கிய டீச்சர் நிறுத்தி, "மாஸ்டர்," என்று முடித்தார்.

மாஸ்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

வெட்டும் நாளன்று தராசு சட்டைப்பையில் பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. எங்கே எதை வெட்டி எடை பார்த்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"ஒரு உறையில ரெண்டு தலையணை திணிக்கப் போறியாமே மாப்ளே?"

"திணிக்கல மச்சான். பாகம் பிரிக்கிறேன்."

"பாகம் பிரிச்சா மொத்தம் குறையக் கூடாது. இங்க எவ்வளவு, அங்க எவ்வளவு, ரெண்டும் சேர்ந்தா எவ்வளவுன்னு நான் பார்ப்பேன்."

"பாருங்களேன். முத்திரை வேணும்னாலும் குத்துங்க."

திரையில் டிஸ்க் ஒரு நீளமான நீலப் பட்டையாகத் தெரிந்தது. மாஸ்டருக்கு அதைப் பார்த்ததும் வெட்டுமேஜையில் விரித்த சூட்டுத்துணி மாதிரியே இருந்தது. பழசு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தார், அதற்கு மேலே கொஞ்சம் மூச்சுவிட இடம் சேர்த்தார், சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார், திரையிலேயே ஒரு கோடு இழுத்தார்.

"என்னங்க! அது டிவி மாதிரிங்க, துணி இல்ல," என்று பதறினார் டீச்சர்.

"கோடு போடாம வெட்டுறவன் தையல்காரன் இல்ல, விறகு வெட்டி," என்றார் மாஸ்டர். பிறகு சுட்டெலியை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, எண்ணைப் பார்த்து, திரும்ப டேப்பால் திரையை அளந்து, ஒருமுறை டீச்சர் முகத்தையும் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். நீலப் பட்டை சத்தமில்லாமல் சுருங்கியது. வலப்பக்கம் வெற்றிடம் பிறந்தது. அந்த நேரம் தெருவில் போன சைக்கிள்கள் எல்லாம் தானாக நின்றன என்று மாஸ்டர் சொல்வார். அங்கே சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது என்று டீச்சர் சொல்வார்.

பென்டிரைவைச் செருகிப் புதிய சிஸ்டத்தை ஏற்றும்போது, எங்கிருந்து எதுவரை என்று அது கேட்டது. கடைக்காரம்மா சொன்னபடி முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும். மாஸ்டரால் முடியவில்லை. கை வரவில்லை. பழசு முடிகிற இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஆரம்பித்தார். நீலத்துக்கும் புதிதாக வந்த பச்சைக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறத் துண்டு யாருக்கும் இல்லாமல் நின்றது.

தராசு பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்தார். உதடு அசைந்தது. மறுபடி அசைந்தது. ஆய்வாளராக இருந்தபோது ஒரு கடைக்காரனின் எடைக்கல்லுக்கு அடியில் ஓட்டை கண்டுபிடித்த அதே பிரகாசம் முகத்தில் வந்தது.

"குறையுது மாப்ளே."

"என்ன குறையுது?"

"இதையும் அதையும் கூட்டினா மொத்தம் வரல. நடுவுல இது என்ன, யார் வீட்டு நடைபாதை?"

"அது உள்ள விட்ட துணி மச்சான். நாளைக்கு ஆள் குண்டானா பிரிச்சுக்கலாம்."

"கம்ப்யூட்டர் குண்டாகுமா?"

"யார் கண்டா? இந்த வீட்டுச் சாப்பாட்டுல எல்லாரும் ஆகியிருக்கோம்."

"பேச்சை மாத்தாதே. நல்ல சரக்கை வீணடிச்சிருக்கே. பாப்பா, உன் புருஷன் அளவுல குறை வச்சிருக்காரு. நான் அப்பவே சொன்னேன், இது நடக்காதுன்னு." அறுபது தாண்டிய தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"நடந்துச்சா இல்லையான்னு முதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் அண்ணே," என்று சொல்லிவிட்டு டீச்சர் டீ போடப் போனார்.

கூத்து அதற்குப் பிறகுதான்.

மாஸ்டர் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டார். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. மேலே புதுசு, கீழே பழசு. இரண்டு குடித்தனக்காரர்கள் ஒரே வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட மாதிரி. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த அதிசயத்தை டீச்சர் பார்க்காமல் யார் பார்ப்பது? சமையலறைக்கு ஓடினார். "டீச்சர், வா வா, வந்து பாரு."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், கேட்பார் இல்லாததால் கம்ப்யூட்டர் தானாக முதல் வரியையே எடுத்துக்கொண்டு புதிய சிஸ்டத்தைத் திறந்து வைத்திருந்தது. பளபளவென்று ஒரு மலைப்படம்.

"அழகாத்தான் இருக்கு. என் பழசு எங்க?"

"இருக்கு இருக்கு. இரு."

மறுபடி நிறுத்திப் போட்டார். இரண்டு வரிகள் வந்தன. மறுபடி ஓடினார். மறுபடி மலை. மூன்றாம் முறை வேகமாக ஓடினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஓடியதில் டேப் நாற்காலியில் மாட்டி, நாற்காலியும் கூடவே சமையலறைக்கு வந்தது. அப்போதும் மலைதான்.

தராசு பிஸ்கெட்டைக் கடித்தார். "பழசு காலி. மலை மட்டும்தான் மிச்சம். ரெண்டு சிஸ்டமாம், ரெண்டு."

"மச்சான், நீங்க இங்கதானே உட்கார்ந்திருக்கீங்க. ரெண்டு வரி வந்துச்சா இல்லையா?"

"ஏதோ எழுத்து ஓடுச்சு. நான் பிஸ்கெட்டைப் பார்த்துட்டு இருந்தேன்."

டீச்சர் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி நின்றார். கீபோர்டின் ஒரு கட்டையை மெதுவாக அழுத்தினார். அது ஊமையாக இறங்கி ஏறியது. மாஸ்டருக்குக் கட்டிய கதை எல்லாம் வாயில் ஒட்டிக்கொண்டது.

"உட்காருங்க," என்றார் டீச்சர். "ஓடாதீங்க. யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். நானே பார்க்கிறேன்."

தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்திப் போட்டார். இரண்டு வரிகள் வந்தன. டீச்சர் குனிந்து, கீழ் அம்பை ஒருமுறை தட்டி, அழுத்தினார். பழைய சிஸ்டம் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்தது. அதே பழைய படம், அதே பழைய சத்தம். புரோகிராமைத் திறந்தார். பாட்டு கட்டம் கட்டமாக அப்படியே இருந்தது. கட்டையை அழுத்தினார். பியானோ பேசியது.

"என்னங்க," என்றார் டீச்சர்.

மாஸ்டர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் இரண்டு குடித்தனம். பழைய வீட்டில் டீச்சர் பாட்டு எழுதுவார். புது வீட்டுக்கு மாறி மருந்துக்கடைக்காரம்மாவோடு ஒத்திகை பார்ப்பார். இதில் ஒரு வேடிக்கை, புதுசு நினைத்தால் பழசின் அறைக்குள் எட்டிப்பார்த்து வேண்டிய பொருளை எடுத்துக்கொள்ளும். பழசுக்கோ பக்கத்தில் இப்படி ஒரு ஆள் குடிவந்திருப்பதே தெரியாது. மாஸ்டர் இதைத் தெருமுழுக்கச் சொல்லித் திரிந்தார். பேப்பர் போடுகிறவர், தபால்காரர், தவறான எண்ணுக்குப் போன் செய்தவர், ஒருவரையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் கதையில் சிஸ்டங்கள் கூடின. ஒரு வாரத்தில் தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் ஏழு இருந்தன.

தராசு மட்டும் போகும் இடமெல்லாம் ஒரே பாட்டு. "நடுவுல ஒரு துண்டு குறையுது. குறையுற வேலை வேலையே இல்ல."

விழாவுக்கு முந்தின நாள் மாலை. ஒவ்வொருவரும் பாட வேண்டிய பகுதியைத் தனித்தனியாகப் பதிந்து டீச்சர் அவரவருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தது பின்னணி வாத்தியம் முழுவதும் சேர்ந்த ஒரே ஒரு பதிவு. நூலகத்தில் பியானோ கிடையாது. அந்தப் பதிவைத்தான் அங்கே பெரிய ஸ்பீக்கரில் போட்டு, அதோடு சேர்ந்து பாட வேண்டும். கடைசி ஒத்திகைக்கு மருந்துக்கடைக்காரம்மா அழைப்பில் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தராசும் தொண்டைக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் சேமிக்கச் சொன்னார். பட்டை முக்கால்வாசி ஓடி நின்றது. இடம் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். பழசின் டிஸ்க் மூக்குமுட்ட நிறைந்து சிவப்பாக இருந்தது. "அளவெடுக்கும்போது இவ்வளவு இல்லையே. வயித்தை எக்கிட்டு நின்னிருக்கு, திருட்டுப் பயபுள்ள."

"நான்தாங்க," என்றார் டீச்சர் மெல்ல. "போன வாரம் பெரிய பியானோ சத்தம், வயலின் சத்தம் எல்லாம் கூடை கூடையா ஏத்தினேன். பாட்டுக்கு நல்லா இருக்குமேன்னு."

வேண்டாததை எல்லாம் அழித்தார்கள். குப்பைத்தொட்டியைக் காலி செய்தார்கள். புகைப்படங்களைப் புதுசின் பக்கம் நகர்த்தி, நிறுத்திப் போட்டு, திரும்பி வந்தார்கள். போதவில்லை. பென்டிரைவில் எழுதச் சொன்னால் அந்தப் புரோகிராம் கேட்கவில்லை. வேலை செய்ய அதற்குத் தன் வீட்டுக்குள்ளேயே இடம் வேண்டும், வெளியில் சாப்பிடாத பிடிவாதக்காரன் மாதிரி.

"புதுசை அழிச்சிடு மாப்ளே. இடம் தானா வரும்," என்றார் தராசு.

"அழிச்சா அந்தம்மா எப்படி ஒத்திகைக்கு வருவாங்க? வயலினெல்லாம் சேர்த்துப் பாட்டை மாத்தின பிறகு அவங்க ஒரு தடவைகூட எங்களோட பாடலையே," என்றார் டீச்சர்.

"அப்போ வாத்தியம் வேண்டாம். வெறும் வாயில பாடுவோம் பாப்பா. என் குரல் ஒண்ணு போதாதா?"

டீச்சர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "பாடலாம் அண்ணே. எல்லார் பாட்டையும் எவ்வளவோ ஒப்பேத்தியிருக்கேன். பெஞ்சைத் தட்டிப் பாட வச்சிருக்கேன். இது ஒண்ணையாவது நான் மனசுல கேட்ட மாதிரி முழுசா எல்லாரும் கேட்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' மாஸ்டருக்குத் தாங்கவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார். அவர் அப்படிச் செய்து தராசு பார்த்ததில்லை.

"டீச்சர், பிரிச்சு விடலாமா?"

"எதை?"

"உள்ள துணி விட்டிருக்கேன்ல. பழசை அந்த ஓரம் வரைக்கும் விரிச்சு விடலாம். பழசுக்கு ஒட்டினாப்பல இருக்கிறதால அது ஏத்துக்கும், புதுசு பக்கம் போகவே வேண்டாம். பட்டனைக் கடைக்காரம்மா அன்னைக்கே காட்டினாங்க, இதைத் தொடக்கூடாதுன்னு சொல்லி." மாஸ்டர் நாற்காலியை டீச்சர் பக்கம் திருப்பினார். "ஆனா தைச்சு முடிச்சு, ஆள் உடுத்திட்டு நிக்கிற உடுப்பைப் பிரிக்கிற மாதிரி இது. கை தவறினா ரெண்டும் போகலாம். பொய் சொல்லல. உன் பாட்டு, நீ சொல்லு."

கூடத்தில் மேஜைவிசிறி மட்டும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தது.

"செய்யுங்க மாஸ்டர்," என்றார் டீச்சர்.

மாஸ்டர் பழக்கதோஷத்தில் ஜன்னலைச் சாத்த எழுந்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அந்த மாஸ்டர் இல்லைங்க. நிஜ மாஸ்டர்."

மாஸ்டர் பட்டையைத் திறந்தார். நீலம், சாம்பல், பச்சை. நீலத்தின்மேல் சுட்டெலியை வைத்து வலப்பக்கம் அழுத்தினார். விரிவாக்கு என்று ஒரு வரி. அதைத் தொட்டார். எவ்வளவு என்று கேட்டது. எல்லாவற்றையும் கொடுத்தார். நிச்சயமா என்று கேட்டது. தராசு நாற்காலியை விட்டு எழுந்து, பூதக்கண்ணாடி இல்லாமலேயே திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க மச்சான், உங்க மூக்கு நிழல் பட்டன்மேல விழுது."

அழுத்தினார்.

சாம்பல் துண்டு காணாமல் போனது. நீலம் ஒரு விரற்கடை நீண்டு பச்சையின் தோளை வந்து தொட்டு நின்றது. சிவப்பு போய்விட்டது. அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, நிதானமாக, விருந்து முடிந்து இடுப்புப் பட்டனைக் கழற்றியவர் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு. எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார் என்பார் மாஸ்டர். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி வேகம் குறைந்த சத்தம் அது என்பார் டீச்சர்.

டீச்சர் மறுபடி சேமிக்கச் சொன்னார். பட்டை ஓடியது. முக்காலைத் தாண்டியது. ஒருவரும் டீயைத் தொடவில்லை. முடிந்தது. டீச்சர் அதைப் போட்டார். பியானோ முதலில் வந்தது, பிறகு வயலின்கள், அதற்கு அடியில் ஒரு மெல்லிய மேளம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிச் சுரம் அடங்கியதும், "இதுதான். இப்படித்தான் கேட்டுச்சு எனக்கு," என்றார்.

மாஸ்டர் டேப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தராசைப் பார்த்தார். "என்ன மச்சான்?"

"தற்செயல்," என்றார் தராசு. "தானா திறந்திருக்கும்."

நிறுத்திப் போட்டு, புது வீட்டுக்குள் போய், பழசின் அறையிலிருந்து பதிவை எடுத்து நூலகத்துக்கு அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு திரையில் வந்தார். குழுவில் எல்லாரும் வந்து நெருக்கியடித்து நின்று பாடினார்கள். இடமில்லாததால் இரண்டு பேர் தையல் மெஷின்மேல் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் அதைக்கூட அனுமதித்தார் என்றால், அன்றைக்கு அவர் எவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நூலகத்தில் சிறுவர் பகுதி நிரம்பி வழிந்தது. ஸ்பீக்கரில் பியானோ கிளம்பியதும் குழந்தைகள் பேச்சை நிறுத்தினார்கள். பெரியவர்களை நிறுத்தத்தான் கொஞ்சம் நேரமானது. பயணக் களைப்போடு வந்த மருந்துக்கடைக்காரம்மாவின் குரல் மேலே போக, தராசின் அடிக்குரல் கீழே நங்கூரம் போட, பாட்டு கூரையை முட்டியது. அலமாரியிலிருந்த புத்தகங்கள் எல்லாம் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்து கேட்டதாக மாஸ்டர் சொல்வார். இதற்கு டீச்சர் எதுவும் சொல்வதில்லை. கைதட்டல் நிற்கவில்லை. இன்னொரு முறை என்றார்கள். இன்னொரு முறை பாடினார்கள்.

முடிந்ததும் நூலகர் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "யார் பாட்டும்மா இது?"

"என்னோடதுதான்," என்றார் டீச்சர். அதைச் சொல்லும்போது அவர் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி காலை மாற்றி நின்றார்.

"அந்த வாத்தியக்காரங்க எல்லாம்?"

மாஸ்டருக்கு இது போதாதா? முன்னால் வந்து நின்றார். பாகம் பிரித்தது, கோடு போட்டது, உள்ளே துணி விட்டது, இடுப்பு பிரித்தது, பெருமூச்சு விட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். நூலகர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கதை பிரமாதம் சார். சிறுவர் பகுதியில வாரா வாரம் வந்து சொல்லுங்க. ஆனா கம்ப்யூட்டருக்கு இடுப்பு பிரிச்சேன், அது மூச்சு விட்டுச்சுங்கிறதை எந்தக் குழந்தையும் நம்பாது."

"அவர் விடுவாரு கதை," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் சின்னதாக இருந்தது. டீச்சர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

தராசு மஃப்ளரைக் கழற்றினார். நாலாக மடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நூலகருக்கு முன்னால் நின்று, ஒரு காலத்தில் கடைக்காரர்கள் நடுங்கிய அதே குரலில் பேசினார்.

"நான் எடை அளவுத் துறையில இருந்தவன். ஒண்ணுக்குப் பாதியைச் சேர்த்துச் சொல்ற பழக்கம் எனக்கில்ல. நேத்து சாயங்காலம் நான் ஒரு சாண் தூரத்துல இருந்தேன். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு சிஸ்டம் இருந்துச்சு. பழசு இறுகிப் போச்சு. எங்க மாப்ளே பிரிச்சு விட்டாரு. நான் இங்க எவ்வளவு, அங்க எவ்வளவுன்னு கூட்டிப் பார்த்தேன், மொத்தம் சரியா வந்துச்சு."

"அப்போ அந்தப் பெருமூச்சு?" என்றார் நூலகர்.

தராசு மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"விட்டுச்சு," என்றார். "எனக்கும் கேட்டுச்சு."